எதிர்பார்க்கும் சம்பளம்: புள்ளியியல் சோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

பட்டம் முடித்தபின் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்வியோடு ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஏராளமான கேள்வித்தாள்கள் சுற்றுக்கு வருகின்றன. எம்.பி.ஏ., எம்.காம்., பொருளியல் மாணவர்களின் புராஜெக்டுகளுக்கு இது எளிதில் கைக்கு எட்டும் தலைப்பு. பதில் சொல்பவர்கள் பக்கத்து வகுப்பிலேயே இருக்கிறார்கள்; பதில் ஓர் எண்ணாக வந்துவிடுகிறது; எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் அந்த எண்களை இட்டால் டி-சோதனை, அனோவா, கை-வர்க்கச் சோதனை எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அறிக்கையின் கடைசி அத்தியாயம் பெரும்பாலும் ஒரே வகையில் அமைகிறது. ஆண், பெண் எதிர்பார்ப்புகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு. துறைக்குத் துறை வேறுபாடு உண்டு. மாணவர்களின் எதிர்பார்ப்பு சந்தை நிலவரத்தைவிட அதிகம். ஆகவே மாணவர்கள் நடைமுறையை உணர வேண்டும். இந்த நான்கில் முதல் மூன்றுக்குச் சோதனைகள் எவ்வளவு தூரம் துணைநிற்கின்றன, நான்காவதற்கு அவற்றால் துணைநிற்க முடியுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இதுதான்: சம்பள எதிர்பார்ப்பை மாணவரின் பேராசைக்கோ அடக்கத்துக்கோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. வேலைச் சந்தையைப் பற்றி அவருக்கு எவ்வளவு தகவல் எட்டியிருக்கிறது என்பதையே அது முதன்மையாகக் காட்டுகிறது. அந்த நோக்கில் ஆய்வைத் திட்டமிட்டால் புள்ளியியல் சோதனைக்குப் பெரும் பயன் உண்டு. இல்லாவிட்டால், முன்பே மனத்தில் இருந்த தீர்ப்புக்கு எண்களால் முத்திரை குத்துவதோடு வேலை முடிந்துவிடும்.

எதிர்பார்ப்பை ஏன் அளக்க வேண்டும்?

எதிர்பார்ப்பு வெறும் பேச்சு, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே போதும் என்ற கருத்து பொருளியலில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. சார்லஸ் மான்ஸ்கி 1990களில் இதை வலுவாக எதிர்த்தார். ஒரு மாணவி கணினி அறிவியலை விட்டுக் கணிதத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று கொள்வோம். கணிதத்தின் மேல் உள்ள விருப்பம் காரணமா, இரண்டிலும் ஒரே சம்பளம்தான் கிடைக்கும் என்ற எண்ணம் காரணமா என்பதை அவளுடைய தேர்வை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. அவளைக் கேட்டே ஆக வேண்டும். ஜெஃப் டொமினிட்ஸும் மான்ஸ்கியும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அப்படிக் கேட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பள்ளி மாணவர்களிடமும் பல்கலைக்கழக மாணவர்களிடமும், 30 வயதிலும் 40 வயதிலும் தாங்கள் எவ்வளவு ஈட்டக்கூடும் என்று அவர்கள் கேட்டனர். ஓர் எண்ணோடு நிறுத்தாமல், குறிப்பிட்ட தொகைக்கு மேல் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்றும் கேட்டனர். மாணவர்கள் பொருளுள்ள பதில்களைத் தந்தனர். ஆனால் சமுதாயத்தில் நிலவிய வருமான ஏற்றத்தாழ்வை உள்ளதைவிட மிகையாக மதிப்பிட்டிருந்தனர். அதே ஆண்டில் வெளியான ஜூலியன் பெட்ஸின் ஆய்வு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக மாணவர்களைப் பற்றியது. படிப்பில் ஆண்டுகள் கூடக்கூட அவர்களுடைய சம்பள மதிப்பீடு உண்மையை நெருங்குவதை அது காட்டியது.

இதைவிட அழுத்தமான சான்று டொமினிகன் குடியரசிலிருந்து வந்தது. அங்கே எட்டாம் வகுப்புப் பையன்கள், மேற்கொண்டு படித்தால் வருமானம் எவ்வளவு கூடும் என்பதை உண்மை அளவைவிட மிகக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். ராபர்ட் ஜென்சன் குலுக்கல் முறையில் சில பள்ளிகளைத் தேர்ந்து, அங்குள்ள மாணவர்களுக்கு உண்மையான சம்பள விவரங்களைச் சொல்ல ஏற்பாடு செய்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த மாணவர்கள், தகவல் பெறாத பள்ளிகளின் மாணவர்களைவிடச் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டு கூடுதலாகப் படித்தனர். 2010இல் வெளியான இந்த ஆய்வு இரண்டு செய்திகளைத் தருகிறது. எதிர்பார்ப்பு தகவலால் மாறக்கூடியது. அது மாறும்போது வாழ்க்கை முடிவும் மாறுகிறது. நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் மாத்யூ விஸ்வாலும் பாசித் ஜாஃபரும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்கு தென்பட்டது: துறைவாரியான உண்மை வருமான விவரங்களைக் காட்டியதும் மாணவர்கள் தம் மதிப்பீடுகளைத் திருத்திக்கொண்டனர். பொறியியல் கலந்தாய்வில் பாடப்பிரிவைத் தேர்வது, கல்விக் கடன் வாங்குவது, வந்த ஆஃபரை ஏற்பது அல்லது காத்திருப்பது என நம் குடும்பங்களின் பெரிய முடிவுகள் எல்லாம் இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அதை அளப்பது அற்பமான வேலை அன்று.

சோதனைக்கு முன்னே இருக்கும் கேள்வி

எந்தச் சோதனையும் தன்னிடம் தரப்பட்ட எண்களைத் தாண்டிப் பார்க்காது. எதிர்பார்க்கும் சம்பளம் என்று மட்டும் கேட்டால், ஒரு மாணவர் சி.டி.சி. என்னும் ஆண்டு மொத்தத் தொகையைச் சொல்வார். இன்னொருவர் மாதம் கைக்கு வரும் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்வார். சி.டி.சி.யில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை ஒதுக்கீடு, காப்பீடு, செயல்திறனைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். இரு மாணவர்களும் ஒரே வேலையை மனத்தில் வைத்திருந்தாலும் எண்கள் வேறாக வரும். சோதனை அதை எதிர்பார்ப்பு வேறுபாடு என்று எடுத்துக்கொள்ளும். எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்குள்ளேயும் மூன்று வெவ்வேறு அளவுகள் ஒளிந்திருக்கின்றன: கிடைத்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசை, கிடைக்கும் என்று நம்பும் தொகை, இதற்குக் கீழே போனால் சேரமாட்டேன் என்ற எல்லை. மூன்றையும் தனித்தனியாகக் கேட்காத கேள்வித்தாளில், துணிச்சலானவர் முதலாவதையும் தயங்குபவர் மூன்றாவதையும் எழுதிவிடக்கூடும். ஹெர்பர்ட் ஸ்மித்தும் பிரையன் பவலும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடம் தங்கள் வருமானத்தையும் மற்றவர்களின் வருமானத்தையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றிய மதிப்பீட்டைவிடத் தம் வருமானத்தை உயர்த்திச் சொல்லும் போக்கு பெண்களைவிட ஆண்களிடம் அதிகமாக இருந்தது. ஒரே கேள்வி கேட்டிருந்தால் இந்த நுட்பம் வெளிப்பட்டிருக்காது.

அடுத்தது, யாரைக் கேட்கிறோம் என்பது. சொந்தக் கல்லூரியின் நான்கைந்து வகுப்புகளில் கேள்வித்தாளைப் பரப்பிவிட்டு, தமிழகப் பொறியியல் மாணவர்கள் என்று தலைப்பு வைப்பது பெருவழக்காகிவிட்டது. இதில் பிரதிநிதித்துவக் குறை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது சார்பின்மைக் குறை. டி-சோதனையும் அனோவாவும் ஒவ்வொரு பதிலும் மற்றதைச் சாராமல் வந்தது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகின்றன. ஒரே வகுப்பு மாணவர்களோ ஒரே சீனியரின் ஆஃபரைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பார்கள், ஒரே பிளேஸ்மென்ட் அதிகாரியின் பேச்சைக் கேட்டிருப்பார்கள். வகுப்புக்கு 50 பேர் வீதம் 6 வகுப்புகளில் 300 பேரைக் கேட்டதாகவும், ஒரே வகுப்பினரின் பதில்களுக்கிடையே உள்ள ஒட்டுறவு 0.1 மட்டுமே என்றும் கொள்வோம். இப்படிக் கொத்தாக எடுத்த மாதிரியில் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதைக் காட்டும் விளைவுக் காரணி 1 + 49 × 0.1, அதாவது 5.9. இந்த 300 பதில்கள் சார்பற்ற 51 பதில்களுக்குச் சமமான தகவலைத்தான் தருகின்றன. அதை 300 என்றே எண்ணிக் கணக்கிட்டால், இல்லாத வேறுபாடுகள் இருப்பதாகத் தோன்றும். வகுப்பை ஓர் அலகாக ஏற்கும் பன்மட்ட மாதிரிகளையோ, கொத்துக்கு ஏற்பத் திருத்திய திட்டப் பிழையையோ பயன்படுத்துவது இதற்குத் தீர்வு.

எண்களின் வடிவமும் சோதனையின் தேர்வும்

சம்பள எண்கள் இயல்நிலைப் பரவலின் மணி வடிவத்தில் வருவதில்லை. பெரும்பாலோர் கீழே குவிந்திருப்பார்கள். சிலர் வெகுதூரம் வலப்பக்கம் நிற்பார்கள். ஒன்பது பேர் 4 லட்சம் என்றும் ஒருவர் 40 லட்சம் என்றும் எழுதினால் கூட்டுச் சராசரி 7.6 லட்சம், இடைநிலை அளவு 4 லட்சம். அந்தப் பத்துப் பேரில் யாருமே 7.6 லட்சத்தை எதிர்பார்க்கவில்லை. அதோடு, பதில்கள் 3, 5, 6, 10 என்ற முழு எண்களில் திரள்கின்றன. மாணவர் ஒருவர் 5 லட்சம் என்று எழுதும்போது அது உறுதியான கணிப்பாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்பதன் மாற்று வடிவாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் செய்ய வேண்டியது பரவலை வரைந்து பார்ப்பது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட் 1908இல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட டி-பரவல், சிறிய மாதிரிகளிலிருந்து சராசரியைப் பற்றிப் பேசுவதற்காகப் பிறந்தது. இயல்நிலைப் பரவல் அதன் அடிப்படை. இரு குழுக்களின் பரவற்படி சமமாக இல்லாதபோது 1947இல் வெல்ச் தந்த திருத்தம் பொருந்தும். எண்களின் தர வரிசையை மட்டும் ஒப்பிடும் வில்காக்சன் சோதனை 1945இலும், மான்–விட்னி சோதனை 1947இலும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களுக்கான குருஸ்கல்–வாலிஸ் சோதனை 1952இலும் வந்தன. 40 லட்சம் எழுதிய அந்த ஒருவரால் இவை நிலைகுலைவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாதிரி பெரிதாக இருந்தால் மைய எல்லைத் தேற்றத்தின்படி சராசரியின் பரவல் இயல்நிலையை நெருங்கிவிடும். பிறகு டி-சோதனையில் என்ன குறை என்று கேட்கலாம். கணித அளவில் இது சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது: சராசரிதான் நமக்கு வேண்டிய அளவா என்பது தேற்றம் பதில் சொல்லும் கேள்வி அல்ல. ஒரு நிறுவனம் மொத்தச் சம்பளச் செலவைத் திட்டமிடும்போது சராசரி பொருந்தும். வழக்கமான மாணவர் எதை எதிர்பார்க்கிறார் என்று அறிய இடைநிலையே பொருந்தும். மடக்கை எடுத்து ஒப்பிடுவது இன்னொரு நல்ல வழி. 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் உள்ள தூரமும், 12 லட்சத்துக்கும் 13 லட்சத்துக்கும் உள்ள தூரமும் மாணவர் மனத்தில் ஒன்றல்ல. மடக்கையில் வேறுபாடு விகிதமாக மாறுகிறது. தர வரிசைச் சோதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. மான்–விட்னி சோதனை இடைநிலைகளைத்தான் ஒப்பிடுகிறது என்று பல அறிக்கைகள் எழுதுகின்றன. இரு பரவல்களின் வடிவமும் ஒத்திருந்தால் மட்டுமே அப்படிச் சொல்லலாம். மற்றபடி, ஒரு குழுவிலிருந்து எடுத்த ஒருவரின் எண் மற்றக் குழுவில் ஒருவரின் எண்ணைவிடப் பெரிதாயிருக்கும் வாய்ப்பைப் பற்றியே அது பேசுகிறது. 3 லட்சத்துக்குக் கீழ், 3 முதல் 5, 5 முதல் 8 என்று வகுப்புகளாகக் கேட்டுவிட்டு கை-வர்க்கச் சோதனை செய்வதும் இழப்புதான். கார்ல் பியர்சன் 1900இல் தந்த அந்தச் சோதனை வகைகளின் ஏறுவரிசையைக் கணக்கில் கொள்ளாது. மாணவர் சொல்ல முன்வந்த தகவலில் ஒரு பகுதியை நாமே எறிந்துவிடுகிறோம்.

வேறுபாடு உண்டா, எவ்வளவு?

இரண்டு துறைகளின் சராசரி எதிர்பார்ப்பு 5.5 லட்சம், 5.0 லட்சம் என்றும் இரண்டிலும் திட்ட விலக்கம் 2 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். துறைக்கு 50 பேர் இருந்தால் திட்டப் பிழை 0.4 லட்சம், டி மதிப்பு 1.25, பி-மதிப்பு ஏறத்தாழ 0.21, வேறுபாடு இல்லை என்று அறிக்கை எழுதும். துறைக்கு 500 பேர் இருந்தால் அதே அரை லட்ச வேறுபாட்டுக்கு டி மதிப்பு 3.95, மிக வலுவான வேறுபாடு என்று அறிக்கை எழுதும். மாணவர்களின் எண்ணத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது மாதிரியின் அளவு. முதல் நிலையில் வேறுபாட்டுக்கான 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி –0.29 லட்சத்திலிருந்து 1.29 லட்சம் வரை விரிகிறது. வேறுபாடு சுழியாகவும் இருக்கலாம், ஒன்றேகால் லட்சமாகவும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். இரண்டாவது நிலையில் இடைவெளி 0.25 முதல் 0.75 லட்சத்துக்குள் அடங்குகிறது. இடைவெளியை எழுதினால் வாசகர் தாமே மதிப்பிட்டுக்கொள்வார். நட்சத்திரக் குறியிட்ட பி-மதிப்பை மட்டும் எழுதினால் அந்த வாய்ப்பு பறிபோகிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதையே வலியுறுத்தியது: பி-மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையாயிருக்கும் வாய்ப்பை அளப்பதில்லை, விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ காட்டுவதுமில்லை.

சோதனைகளின் எண்ணிக்கை கூடும்போது ஆபத்தும் கூடுகிறது. பாலினம், துறை, ஊர், பெற்றோர் தொழில், பள்ளியில் பயின்ற மொழி, மதிப்பெண் என்று வரிசையாக 20 சோதனைகள் செய்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் குறைந்தது ஒன்றாவது வழக்கமான 0.05 எல்லைக்குள் விழ, சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. விழுந்த அந்த ஒன்றைப் பற்றித்தான் அறிக்கையில் பக்கம் பக்கமாக விளக்கம் வரும். எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது, அதாவது 20 சோதனைகளுக்கு 0.0025 என்று வைப்பது, போன்ஃபெரோனி வழி. அதைவிடச் சிறந்தது, எந்த இரண்டு மூன்று கருதுகோள்களைச் சோதிக்கப் போகிறோம் என்பதைத் தரவு கைக்கு வருமுன்னே எழுதிவைப்பது.

பெண்களின் எதிர்பார்ப்பும் சந்தை நிலவரமும்

பெண்கள் குறைவாக எதிர்பார்க்கிறார்கள் என்ற முடிவு பல நாடுகளின் ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே நம் கல்லூரிகளிலும் வந்தால் வியப்பில்லை. ஆனால் எல்லாத் துறையினரையும் ஒன்றாகக் கலந்து ஒரே டி-சோதனை செய்தால், அது பாலினத்தை அளக்கிறதா, துறையை அளக்கிறதா என்று சொல்ல முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு நடந்த மேற்படிப்புச் சேர்க்கை இதற்குப் புகழ்பெற்ற பாடம். மொத்தமாகப் பார்த்தால் விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்திருந்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்தப் பொதுப்போக்கு காணாமற்போனது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்ததே காரணம். சம்பள எதிர்பார்ப்பிலும் துறை, கல்லூரி, வெளியூர் செல்லும் வாய்ப்பு ஆகியவற்றை ஒரே மாதிரியில் சேர்த்துப் பார்த்தபின் மிஞ்சும் வேறுபாடுதான் பாலினத்தோடு இணைத்துப் பேசத் தகுந்தது. அப்போதும் வேலை முடியவில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வீட்டில் அனுமதி கிடைக்காது என்று அறிந்த பெண் குறைத்து எழுதினால், அது தன்னம்பிக்கைக் குறைவு ஆகாது. தன் நிலைமையைப் பற்றிய சரியான கணக்கு. அந்த எண்ணைக் கண்டு அவளுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி பரிந்துரைப்பது நோயை விட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுப்பதாகும்.

எதிர்பார்ப்பு சந்தை நிலவரத்தைவிட அதிகம் என்ற முடிவு இன்னும் கவனத்தோடு அணுக வேண்டியது. ஒரு மாதிரிச் சராசரியை ஒரு நிலையான எண்ணோடு ஒப்பிடும் டி-சோதனையே இங்கு வழக்கமாகப் பயன்படுகிறது. அந்த நிலையான எண் எங்கிருந்து வருகிறது? தேசிய நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தரும் விவரங்களில் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையும் அவர்களுடைய இடைநிலைச் சம்பளமும் இருக்கின்றன. அந்த இடைநிலை வேலை பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. கல்லூரி விளம்பரப் பலகைகளோ உச்சபட்ச ஆஃபரை மட்டும் பெரிதாக அச்சிடுகின்றன. மறுபுறம், பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது; இடைப்பட்ட காலத்தில் கல்விக் கட்டணமும் வாடகையும் விலைவாசியும் ஏறிவிட்டன. பலகையில் உள்ள உச்ச எண்ணையும், தான் கட்டிய கட்டணத்தையும் வைத்துக்கொண்டு 6 லட்சம் என்று எழுதும் மாணவர் தனக்குக் கிடைத்த தகவலின்படி சரியாகவே கணக்கிட்டிருக்கிறார். பி-மதிப்பு 0.001 என்று வந்தால் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடைவெளி உண்டு என்பது மட்டுமே உறுதியாகிறது. அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. இதை அறிய நேரான வழி, அதே மாணவர்களை இறுதியாண்டில் ஒருமுறையும் பட்டம் பெற்று ஓராண்டு கழித்து ஒருமுறையும் கேட்பது. ஒவ்வொருவரின் எதிர்பார்ப்பையும் அவருக்கே கிடைத்த தொகையோடு இணைத்து வில்காக்சன் குறித்தரச் சோதனை செய்யலாம். வேலை கிடைக்காதவர்களையும் தொடர்பு விட்டுப்போனவர்களையும் தனித்தனியே எண்ணி அறிக்கையில் காட்டவும் வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

ஒரு மாணவரின் புராஜெக்டுக்கு இவ்வளவும் மிகை என்று வழிகாட்டிகள் சொல்லக்கூடும். மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் சம்பளத்தின் பொருளைக் கேள்வியிலேயே தெளிவாக்குவதற்கும், பரவலை வரைவதற்கும், இடைநிலையையும் நம்பிக்கை இடைவெளியையும் தருவதற்கும், இரண்டு மூன்று கருதுகோள்களோடு நிறுத்திக்கொள்வதற்கும் கூடுதல் செலவு கிடையாது. செய்ய முடியாதவற்றை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுவதற்கும் செலவு கிடையாது. இருபது சோதனைகளைச் செய்து காட்டுவதைவிட ஒரு சோதனையைப் புரிந்து செய்வது மாணவருக்கும் நல்ல பயிற்சி.

உண்மைச் சம்பளத்தைச் சொன்னால் மாணவர்களின் ஊக்கம் குன்றிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. டொமினிகன் குடியரசுச் சான்று இதற்கு எதிராக நிற்கிறது. அங்கே உண்மை படிப்பை வளர்த்தது. நம்மூரில் எதிர்பார்ப்பு உண்மையைவிட உயரமாக இருக்கும் இடங்களில் தகவல் சிலருக்கு ஏமாற்றம் தரும் என்பதை மறுக்கவில்லை. அந்த ஏமாற்றம் கடன் வாங்கிய பின் வருவதைவிட, வாங்கும் முன் வருவது குடும்பத்துக்கு நல்லது. தகவல் மட்டுமே போதும் என்றும் சொல்லக் கூடாது. ஜென்சனின் ஆய்விலேயே மிக வறிய குடும்பத்து மாணவர்களின் படிப்பில் மாற்றம் ஏறத்தாழ இல்லை. அவர்களைத் தடுத்தது பணமின்மை. சோதனையின் முடிவைக் குடும்ப வருமானவாரியாகப் பிரித்துக் காட்டினால்தான் எங்கே தகவல் வேண்டும், எங்கே உதவித்தொகை வேண்டும் என்பது தெரியவரும்.

ஆகவே கல்லூரிகளுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, கீழ்க்கால் பகுதியினர் பெற்றது எவ்வளவு, அதில் மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அந்த விவரம் மாணவர்களின் கைக்குப் போன பின் அவர்களுடைய எதிர்பார்ப்பை மீண்டும் அளந்து, முன்னதோடு ஒப்பிட்டுச் சோதியுங்கள். இடைவெளி குறைந்தால் குறை தகவலில் இருந்தது என்பது உறுதியாகும். குறையாவிட்டால் அடுத்த காரணத்தைத் தேடலாம். அதற்கு முன்பே மாணவர்கள் நடைமுறையை உணரவில்லை என்று எழுதும் எந்த அறிக்கைக்கும் புள்ளியியலின் துணை இல்லை.